‘உங்க பிள்ளைய யார் பாத்துக்குவா?’: குழந்தை பார்க்கும் வேலைக்கு இன்டர்வியூ போகும் தேனி மாவட்டப் பெண்கள் எதற்குத் தயாராக வேண்டும்?

‘8 மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நல்ல பெண் தேவை. சென்னை. தங்கி வேலை. சாப்பாடு, இடம் இலவசம். வீடியோ காலில் இன்டர்வியூ.’

இப்படி ஒரு தகவல் கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி பக்கம் ஏதாவது ஒரு மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தால், படிக்கிற பெண்ணின் கண் முதலில் தேடுவது சம்பளத்தை. அது பெரும்பாலும் அதில் இருக்காது. ‘நேர்ல பேசிக்கலாம்’ என்று இருக்கும். அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது இன்டர்வியூ என்று பெயர்.

முன்பு இந்த வேலைக்கு இன்டர்வியூ கிடையாது. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஊர்க்காரர் வீட்டில் பிரசவம் என்றால், ‘நம்ம ஊர்ப் பிள்ளை, நம்பிக்கையான ஆளு’ என்று ஒருவர் சொன்னால் போதும், பஸ் ஏற்றி விட்டுவிடுவார்கள். இப்போது நடுவில் ஏஜென்சி இருக்கிறது. முன்பின் தெரியாத குடும்பம் இருக்கிறது. தெரியாதவர் கையில் குழந்தையைக் கொடுப்பதால் அவர்கள் நூறு கேள்வி கேட்கிறார்கள். நியாயம்தான். தெரியாத வீட்டுக்குள் ராத்திரி பகலாகத் தங்கப்போகும் பெண்ணுக்கும் கேட்க நூறு கேள்வி இருக்க வேண்டுமே. அங்கேதான் நம் பெண்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். ‘கேட்டா வேலை குடுக்காமப் போயிட்டா?’ என்ற பயம்.

எழுதிய ஒப்பந்தம் இல்லாத வேலை இது. பக்கத்தில் சக தொழிலாளி கிடையாது, சங்கம் கிடையாது. இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் நேரம் அந்த அரை மணி மட்டும்தான். அதில் பேசாமல் விட்டதைப் பிறகு பேசி வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

ஏன் எப்போதும் 6 மாதம், 8 மாதக் குழந்தையாகவே இருக்கிறது?

விளம்பரங்களில் குழந்தையின் வயதைப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2017-ல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தியபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா, குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதம் ஆகும்போது ஆபீஸ் திரும்ப வேண்டும். தமிழக அரசு ஊழியர் என்றால் கதை வேறு. 2021 ஜூலையிலிருந்து அவர்களுக்கு ஓராண்டு விடுப்பு. ஆகவே ஐ.டி. கம்பெனிக்காரர் வீட்டில் உங்கள் கைக்கு வருவது 6 மாதக் குழந்தையாகவும், அரசுப் பள்ளி டீச்சர் வீட்டில் நடை பழகும் குழந்தையாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்றும் அதே சட்டத் திருத்தம் சொன்னது. எல்லா நிறுவனமும் அதை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த வாட்ஸ்அப் தகவலே பாதியாகக் குறைந்திருக்கும். அது தனிக் கதை.

6 மாதம் என்பதால் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்பதும் ஓரளவு தெரிந்துவிடுகிறது. அது தாய்ப்பாலோடு திட உணவு தொடங்கும் வயது. எடுத்து வைத்த தாய்ப்பாலை எப்படிக் கொடுப்பது, முதல் உணவு என்ன, தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது, இரவில் எத்தனை முறை எழும் என்று கேள்வி எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

‘அனுபவம் இருக்கா?’

இந்தக் கேள்விக்கு நம்மூர்ப் பெண்களின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. காட்டு வேலைதான் பாத்தேன்.’

நாற்று நட்டது, திராட்சைக் கொடியில் வேலை பார்த்தது, விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போனது, இதெல்லாம் குழந்தை வளர்ப்பு அனுபவம் ஆகாது என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஜீப்பில் அக்கா போன பிறகு அவர் பிள்ளையை மாலை வரை வைத்திருந்தது யார்? நாத்தனாரின் குறைமாதக் குழந்தையைப் பார்த்தது யார்? அதைச் சொல்லுங்கள். ‘எத்தனை மாசத்துல இருந்து எத்தனை வயசு வரைக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், தனியாவா கூட ஆள் இருந்தாங்களா’ என்று கணக்காகச் சொன்னால் அது அனுபவம்தான்.

மலைத்தோட்டத்தின் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்தவர்கள் இன்னும் தைரியமாகச் சொல்லலாம். 50 அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். அங்கே ஒரே நேரத்தில் பல பிள்ளைகளைச் சமாளித்த பெண்ணுக்கு ஃபிளாட்டில் ஒரு பிள்ளையைப் பார்ப்பது பெரிய காரியமில்லை.

இல்லாததை மட்டும் சொல்ல வேண்டாம். முன்பு வேலை பார்த்த வீடு என்று ஒரு நம்பரைக் கொடுத்தால் அங்கே போன் போகும்.

‘குழந்தை விடாம அழுதா என்ன செய்வீங்க?’

எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். ஊர்ப்பக்கம் இதற்குக் கைவசம் பதில் இருக்கிறது. வயிறு உப்பியிருந்தால் வசம்பு சுட்டு உரசு, சளி என்றால் மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய், குளித்ததும் சாம்பிராணி, கொஞ்சம் தேன் தொட்டு நாக்கில் வை. நம் அம்மாக்கள் அப்படித்தான் வளர்த்தார்கள், நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா இதைக் கேட்டதும் பயந்துவிடுவார். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு.

மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய பாதிப்பு வரக்கூடும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாட்டி வைத்தியத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அடுத்தவர் குழந்தைக்கு அவர்களைக் கேட்காமல் எதையும் கொடுப்பதில்லை என்பதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய பதில். சொல்வதோடு நிற்காமல் அப்படியே நடக்கவும் வேண்டும்.

பதில் இப்படி இருக்கலாம்: ‘மொதல்ல பசியா, தூக்கமா, துணி நனஞ்சிருக்கான்னு பாப்பேங்க்கா. எறும்பு பூச்சி கடிச்சிருக்கான்னு டிரெஸ்ஸக் கழட்டிப் பாப்பேன். உடம்பு சுட்டா தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துட்டு உங்களுக்குப் போன் பண்ணுவேன். நீங்களோ டாக்டரோ சொல்லாம மருந்து குடுக்க மாட்டேன்.’ இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

பாலைப் பற்றிக் கேட்டால்: எடுத்து வைத்த தாய்ப்பால் வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் என்பது பொதுவான வரம்பு. நம் ஊர் வெயிலுக்கு வெளியே 4 மணி நேரம் விடாமல் இருப்பது நல்லது. சூடுபடுத்த அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தினால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை மறுபடி ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

தொண்டையில் சிக்குவதைப் பற்றிக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சு அடைத்து, அழ முடியாமல், இரும முடியாமல் போனால், தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. திருப்பி, நெஞ்சின் நடுவே 5 அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. இதற்கிடையில் வீட்டில் இன்னொருவர் 108-க்குக் கூப்பிட வேண்டும். வாயில் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது, உள்ளே போய்விடும். படித்தால் மட்டும் கை பழகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிந்த நர்ஸ் அக்கா இருந்தால், ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

நம் பள்ளத்தாக்குக்கே உரிய ஒன்று இதில் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘கம்பத்துக்காரங்களா? அப்ப திராட்சை ஊரு’ என்று பேச்சு வந்தால், முழுத் திராட்சை சின்னக் குழந்தையின் தொண்டையை அச்சாக அடைக்கும் பழம் என்பதையும், விதை எடுத்து நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் கொடுப்பேன் என்பதையும் சொல்லுங்கள். எந்தச் சான்றிதழும் செய்யாத வேலையை அந்த ஒரு பதில் செய்யும்.

‘உங்க பிள்ளைய யார் பாத்துக்குவா?’

இது நெஞ்சில் குத்துகிற கேள்வி. சிலர் அக்கறையாகக் கேட்பார்கள். பலருக்குக் கவலை வேறு: பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இந்தப் பெண் பாதியில் கிளம்பிவிடுவாளோ?

பதில் தெரியாமல் போகாதீர்கள். இன்டர்வியூவுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. மாமியாரா, அம்மாவா, பள்ளி விடுதியா? அவசரம் என்றால் யார் பொறுப்பு? தினமும் எந்த நேரத்தில் உங்கள் பிள்ளையிடம் போனில் பேசுவீர்கள்? கடைசியாகச் சொன்னதை வேலையின் நிபந்தனையாகவே வைக்கலாம். ‘ராத்திரி 8 மணிக்கு என் பிள்ளைகிட்ட கால் மணி நேரம் பேசணுங்க்கா.’ இதைக்கூட ஒத்துக்கொள்ளாத வீடு எப்படிப்பட்ட வீடு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

திருவிழா விஷயத்தையும் மறைக்க வேண்டாம். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போன ஆள் திரும்பி வரவில்லை என்பது நகரத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல். ‘சித்திரைல எட்டு நாள், பொங்கலுக்கு நாலு நாள் போவேன், இன்ன தேதில வந்துருவேன்’ என்று முன்கூட்டியே சொல்லி, சம்பளத்தோடு லீவா என்பதையும் அப்போதே பேசிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

சம்பளமும் ராத்திரியும்

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 2018-ல் அரசு நிர்ணயித்த தொகை, பயிற்சி இல்லாதவருக்கு மணிக்கு 37 ரூபாய். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்று போட்டால் 7,696 ரூபாய். இது அன்றைய கணக்கின் அடிமட்டம். குழந்தை பார்க்கும் வேலைக்குப் பேரத்தை இங்கிருந்து தொடங்கக் கூடாது.

இந்தக் கணக்கு சொல்லாத ஒன்று, ‘தங்கி வேலை’ என்றால் எத்தனை மணி நேரம் என்பது. 6 மாதக் குழந்தை இரவில் இரண்டு மூன்று முறை எழும். பகலில் 10 மணி நேரம் பார்த்துவிட்டு ராத்திரியும் நீங்களே எழுந்தால், அது ஒரு ஆள் பார்க்கும் இரண்டு ஆள் வேலை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ம் உடன்படிக்கை, கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கருதச் சொல்கிறது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு என்றும் சொல்கிறது. ஆதரித்து ஓட்டுப் போட்ட இந்தியா, அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. ஆகவே நீங்களேதான் கேட்க வேண்டும்: ‘ராத்திரி பிள்ள யார்கூடப் படுக்கும்? நான் எந்திரிக்கணுமா? அப்படின்னா பகல்ல எனக்கு எப்பத் தூக்கம்?’

அடுத்த கேள்வி, வேறு என்ன வேலை? குழந்தைத் துணி துவைப்பது, பாட்டில் கழுவுவது, குழந்தைக்குச் சமைப்பது இதில் அடக்கம். வீட்டுக்கே சமைப்பது, பாத்திரம், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் பார்ப்பது எல்லாம் தனி வேலை, தனிச் சம்பளம். ‘சின்னச் சின்ன ஒத்தாசை’ என்று யாராவது சொன்னால், அது என்ன என்று ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள்.

படுக்க இடம் எது, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, கேமரா எங்கெங்கே இருக்கிறது? ஹாலில் கேமரா என்றால் சரி. நீங்கள் தூங்கும், உடை மாற்றும் இடத்தில் கூடாது. வீட்டுப் பணியாளர் என்பவர் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் (2013) பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறார். மாவட்டந்தோறும் அமைக்க வேண்டிய உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அவசரத்துக்கு 181.

சம்பளம் யார் தருவது, வீட்டுக்காரரா ஏஜென்சியா? எந்தத் தேதி? முதல் மாதத்தில் ஏஜென்சி எவ்வளவு பிடிக்கும்? இது மூன்றுக்கும் பதில் வராமல் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டாம். பேசியதை எல்லாம் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அவர்களுக்கு அனுப்பி, ‘சரிதானே மேடம்?’ என்று கேட்டு ‘ஆமா’ என்று ஒரு பதில் வாங்கிவிட்டால் அதுதான் உங்கள் ஒப்பந்தம்.

முன்பணம் விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். குழுக் கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது, ‘மூணு மாசச் சம்பளத்த இப்பவே தர்றோம்’ என்பது வரமாகத் தெரியும். அதைக் காட்டியே ‘கணக்கு முடியாமப் போக முடியாது’ என்று நிறுத்தி வைப்பார்கள். கடனைக் காரணம் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஒரிஜினல் ஆதார், ரேஷன் கார்டு, டிசி எதையும் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் போதும்.

காபி டம்ளர்

‘எந்த ஊரு?’ என்பார்கள். சொல்வோம். ‘ஊருக்குள்ள எந்தப் பக்கம்? எந்தக் கோயில் கும்புடுவீங்க?’ என்று போனால், அவர்கள் கேட்க வருவது சாதியை. நேராகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த வீட்டில் இருக்கும்வரை அதை மதிக்கலாம். சாதியைச் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. ‘பிள்ளயப் பாக்குறதப் பத்திக் கேளுங்கக்கா, சொல்றேன்’ என்று சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம்.

நேரில் போகும் இன்டர்வியூ என்றால், உங்களுக்குக் காபி எந்த டம்ளரில் வருகிறது என்று பாருங்கள். அவர்கள் குடிக்கும் டம்ளரிலா, தனியாக எடுத்து வைத்த ஒன்றிலா? குழந்தைக்கு அந்தக் கையாலேயே சோறு ஊட்டச் சொல்லும் வீட்டில், கைக்குத் தனி டம்ளர் என்றால் கணக்கு இடிக்கிறது. போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. தெரிந்தே போவது வேறு, போன பிறகு தெரிவது வேறு.

வெளிநாடு என்றால்

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய. அதனால் ‘குவைத்ல குழந்தை பாக்குற வேலை’ என்று வந்தால் நம்புவதும் எளிது. ரியாத்தில் வீட்டு வேலை பார்த்த தமிழ்ப் பெண் ஒருவர் கையை இழந்து ஊர் திரும்பியது 2015-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. இங்கே இன்டர்வியூ கேள்வியை விட, இன்டர்வியூ எடுப்பது யார் என்பதுதான் முக்கியம்.

சவுதி, குவைத், கத்தார், ஓமன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு, பத்தாவது முடிக்காதவர்கள் குடியகல்வு அனுமதி வாங்கித்தான் வேலைக்குப் போக முடியும். இந்தப் பிரிவில் வரும் பெண்கள் வீட்டு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2016 ஆகஸ்ட்டிலிருந்து, அவர்களைத் தனியார் ஏஜென்ட் அனுப்பக் கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்றும் விதி. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஆகவே தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு ‘சவுதிக்கு ஹவுஸ்மெய்ட் இன்டர்வியூ’ நடந்தால், அந்த இடத்திலேயே விதி மீறல் நடக்கிறது என்று அர்த்தம்.

பத்தாவது பாஸ் ஆனவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதைச் சலுகை என்று சொல்வார்கள். நடைமுறையில், கிளம்பும்போது உங்கள் ஒப்பந்தத்தை அரசுத் தரப்பில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். விசிட் விசாவில் கூட்டிப்போய் அங்கே மாற்றித் தருகிறேன் என்பவரை அப்படியே விட்டுவிடுங்கள். குவைத்தில் வீட்டு வேலைக்கான விசா 20-ம் நம்பர் விசா. கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டு விசாவில் 20 என்று இருந்தால் சொன்னது பொய்.

சிங்கப்பூரில் வயது 23 முதல் 49 வரை, குறைந்தது 8 ஆண்டு பள்ளிப் படிப்பு வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து, மாதம் ஒரு நாளாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத கட்டாய ஓய்வு நாள் உண்டு. அங்கே வீடியோ இன்டர்வியூவில், ‘ஓய்வு நாளை எப்படிக் கணக்கு வெப்பீங்க?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது.

போகும் முன்

வீட்டுப் பணியாளர்களுக்கென்று நாடு முழுவதற்கும் பொருந்தும் தனிச் சட்டம் இல்லை. அதைப் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. சட்டம் எப்போது வந்தாலும், அடுத்த வாரம் இன்டர்வியூ இருக்கிற பெண்ணுக்கு அது உதவாது. தமிழ்நாட்டில் 2007-லிருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஊரைவிட்டுப் போகும் முன்பே பதிந்துவிடுவது நல்லது. போன பிறகு இதற்கென்று லீவு கிடைக்காது.

வேலை கிடைத்துவிட்டால் வீட்டு முகவரியை, கதவு எண்ணும் மாடி எண்ணும் உட்பட, அக்காவிடமோ தம்பியிடமோ எழுதிக் கொடுங்கள். வீட்டுக்காரர் நம்பர், ஏஜென்சி நம்பர் இரண்டையும் அவர்கள் போனில் பதியுங்கள். 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்து தேனி வழியாகச் சென்னை சென்ட்ரலுக்கு வாரம் 3 நாள் ரயில் ஓடத் தொடங்கியது. போகும் டிக்கெட்டைப் பெரும்பாலும் அவர்களே போட்டுவிடுவார்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் மட்டும் உங்களுடையதாக, பைக்குள் தனியாக, யாரிடமும் சொல்லாமல் இருக்கட்டும்.